சேற்றில் புதையாத கால்கள்

நண்டுத்திட்டை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் மாசி மகத்துக்குத் திரும்பி வரும்போது அவர்கள் கால் எங்கள் சேற்றில் புதையாது. படகிலிருந்து இறங்கி, பேண்ட்டைக்கூட மடித்துவிடாமல், நாரை நடப்பதுபோல் சேற்றின் மேலாகவே நடந்து வருவார்கள். உள்ளூரில் இருக்கிற நாங்கள் முழங்கால் வரை இறங்கி, ஒரு காலைப் பிடுங்கி மறுகாலை ஊன்றி, அவர்கள் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் வருவோம். இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. ஒருவன் லீவுக்கு வந்திருக்கிறானா ஒரேயடியாக வந்துவிட்டானா என்று வாயைத் திறந்து கேட்பது மரியாதை இல்லை என்பதால் காலைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். திருப்பூரிலிருந்து வேலையை விட்டு வந்த கலியமூர்த்திக்கு முதல் மாதம் பாதம்தான் நனைந்தது, ஆடியில் கணுக்கால் வரை இறங்கியது, அடுத்த பொங்கலுக்கு எங்களைப் போலவே முழங்கால் வரை சேறு ஏறியது. அன்று அவன் பெண்டாட்டி கேசரி கிண்டி வீட்டுக்கு வீடு கொடுத்தாள்.

போனவர்களின் எடை எங்கே போகிறது என்று மட்டும் வெகுகாலம் நாங்கள் யோசிக்கவில்லை. எனக்கு யோசிக்க வேறு நூறு விஷயம் இருந்தது, கடல் இரைகிற சத்தம் மாறினால் ஒரு கவலை, மாறாவிட்டால் ஒரு கவலை. அது தெரியவந்தது காட்டை எடை போட ஆள் வந்த வருஷம்.

வந்தவர் பெயர் பிரான்சிஸ். ஒல்லியான மனிதர், எங்கேயோ ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அலையாத்திக் காட்டில் என்னென்ன மரம், எத்தனை மரம், எல்லாம் சேர்ந்து எவ்வளவு எடை என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்க வேண்டும் என்றார். ஊர்ப் பெண்கள் ஆறு பேரைக் கூப்பிட்டுக்கொண்டார், அதில் நான் ஒருத்தி, என் மகள் ஜமுனா நோட்டில் எழுதுகிறவள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. நான் ஆறாவதோடு நின்றவள். சிதம்பரத்தில் விடுதியோடு இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஏழாவதுக்குச் சேர்த்தார்கள், ஒன்பது நாள் இருந்தேன், ஒத்துவரவில்லை, திரும்பிவிட்டேன். ஆனாலும் டேப்பில் இருக்கிற எண் எனக்குத் தெரியும்.

"இந்தக் காட்டுல பன்னெண்டு வகை மரம் இருக்கும்மா" என்றார் சார் முதல் நாள்.

"எங்களுக்கு நாலுதான் சார் தெரியும்" என்றாள் பூங்காவனம் அக்கா. "சுரபுன்னை, கண்டல், தில்லை, நரிக்கந்தம். மிச்சம் எல்லாம் வெறகு."

மரத்தை வெட்டாமல், தூக்காமல், கட்டிப்பிடித்தே எடை போடுகிற வித்தையைச் சார் சொல்லிக்கொடுத்தார். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்துச் சுற்றளவு பார்க்க வேண்டும், வகைக்கு ஒன்றாக அவரிடம் அட்டவணை இருக்கிறது, அதில் பார்த்தால் மரம் எத்தனை கிலோ என்று வந்துவிடும். நாங்கள் ஒரு வாரம் அவரவர் நெஞ்சு உயரத்துக்கு அளந்து தள்ளினோம். நான் குள்ளச்சி, பூங்காவனம் அக்கா நெட்டைக்கொக்கு. நான் அளந்த மரமெல்லாம் குண்டாகவும் அக்கா அளந்ததெல்லாம் ஒல்லியாகவும் வந்ததைப் பார்த்துச் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு சிவப்புக் கோடு போட்ட குச்சி ஆளுக்கு ஒன்று தந்தார். கோடு என் மூக்குக்கு நேராக இருந்தது. ஜமுனாவுக்குச் சரியாக நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அடுத்த கணக்கெடுப்பில்தான் அது பிடிபட்டது. ஆறு மாதத்தில் ஒரு மரம் அரை விரல் அளவுகூடப் பருப்பதில்லை. ஆனால் சில மரங்கள் மட்டும் நேற்றுவரை பட்டினி கிடந்து இன்று விருந்து சாப்பிட்டதுபோல் ஒரேயடியாகப் பருத்திருந்தன. சார் குச்சியைச் சந்தேகப்பட்டார், டேப்பைச் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்பட்டார். மறுபடி அளந்தோம், அதே அளவு. அறுபத்தி மூணாம் எண் கண்டல் மரம் அட்டவணைப்படி போன தடவையைவிட ஐம்பத்தி ஏழு கிலோ கூட என்று ஜமுனா வாசித்தாள். பின்னால் நின்ற பூங்காவனம் அக்கா "எங்க சின்னவன்" என்றாள்.

"என்னம்மா?"

"ஐம்பத்தேழு கிலோ எங்க சின்னவன் சார். தையில துபாய்க்குப் போனான்ல. அதுக்கு முந்தின நாளு மீன் தராசுல ஏறி நின்னான், நான் பார்த்தேன்." டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு மரத்தண்டை போய், "சாப்பிட்டியாடா" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஊரே காட்டுக்கு வந்துவிட்டது. போனவர்கள் எந்த மாதம் போனார்கள், போகும்போது எத்தனை கிலோ என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, ஜமுனா நோட்டைப் புரட்டி மர எண்ணைச் சொன்னாள். எடை தெரியாதவர்கள் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிப் பார்த்து, "இதவிட ஒரு கைப்பிடி கம்மியா இருப்பா எங்க அமுதா" என்று அடையாளம் சொன்னார்கள். மரத்தில் வேட்டி கட்டினார்கள், பழைய சட்டையை மாட்டினார்கள், பிறந்தநாளுக்கு ஆரஞ்சு மிட்டாயை வேருக்கடியில் வைத்தார்கள், அதை நண்டு இழுத்துக்கொண்டு போனது. எண்பதாம் எண் சுரபுன்னைக்கு இரண்டு குடும்பம் சண்டை போட்டது. இரண்டு வீட்டுப் பையன்களும் ஒரே நாளில் ஒரே படகில் போனவர்கள், ஒரே எடை. கடைசியில் கடல் பக்கத்து வேர்கள் ஒருவருக்கு, கரைப் பக்கத்து வேர்கள் ஒருவருக்கு என்று பஞ்சாயத்தில் பிரித்துக்கொடுத்தார்கள். பூங்காவனம் அக்காவின் வீட்டுக்காரர் பத்து வருஷத்துக்கு முன்னால் கேரளாவுக்கு இன்னொருத்தியோடு ஓடிப்போனவர். அவர் எடை மற்றதைவிட எப்போதோ பருத்துவிட்ட ஒரு தில்லை மரத்தில் இருந்தது, ஒடித்தால் பால் தெறித்துக் கண்ணைக் குருடாக்கும் அந்த மரத்தில். அக்கா வெள்ளிக்கிழமை தோறும் எட்ட நின்று அதைத் திட்டிவிட்டு வந்தாள். "பக்கத்துல போவ முடியுதா பாரு. அப்பவும் இப்படித்தான்." ஆறு மாதம் திட்டினாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை புயல் எச்சரிக்கை சொன்னபோது அவள்தான் முதலில் போய் அந்த மரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

சார் பாவம், மேலே அனுப்புகிற தாளில் அதிகப்படி எடைக்கு என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார்.

"போனவங்கன்னு எழுதுங்க சார்" என்றாள் ஜமுனா.

சார் அப்படியே எழுதினார்.

சார் மட்டும் அந்தக் கூட்டத்தில் எப்போதும் வேறொரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிழக்கு வாய்க்கால் ஓரத்தில் ஒற்றையாய் ஒரு பண்டிக்குச்சி மரம். பன்னிரண்டு வகையில் பதினோரு வகைக்குக் கூட்டம் இருந்தது, இந்த ஒன்றுக்கு மட்டும் இந்த ஒரே மரம். என் சின்ன வயதில் அந்த வாய்க்கால் முழுக்கப் பண்டிக்குச்சிதான். பருத்தி நூல் வலைக்குச் சாயம் போட அதன் பட்டையை உரிப்போம். என் அப்பா உரித்துப் போட, நான் கூடையில் அள்ளுவேன். பெரிய அண்டாவில் பட்டை வேகிற அந்தத் துவர்ப்பு வாசனையும், செம்மண் நிறத்தில் மணல் முழுக்க விரித்துக் காயும் வலைகளும், அதன் மேல் ஓடி விளையாடி அடி வாங்கியதும் இன்னும் எனக்குள் இருக்கிறது. நைலான் வலை வந்தபோது பட்டை தேவைப்படவில்லை. ஆனால் அதற்குள் மரமும் தீர்ந்துவிட்டது. எஞ்சிய ஒன்று உள்ளே பொந்தாகி, வாய்க்கால் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு அளவையிலும் குறைந்துகொண்டே வந்தது. "எடை இல்லம்மா அதுக்கு. அடுத்த மழைக்கு அடிச்சிட்டுப் போயிடும். அப்புறம் இந்தக் காட்டுக்குப் பதினோரு வகைதான்" என்பார் சார். யாருடைய எடையும் ஏனோ அந்த மரத்துக்குப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கவலைப்படுகிறவள் கண்ணில் எல்லாம் படும்.

எங்கள் ஊரை விட்டுப் போகிறவர்கள் சேற்றில் இறங்கித்தான் படகுக்கு வர வேண்டும். வந்து படகு விளிம்பில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப் போடுவார்கள். அம்மாவோ பெண்டாட்டியோ ஊரைச் சுற்றிக் கிடக்கிற உப்பங்கழித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு அந்தச் சேற்றைக் கழுவிவிட்டு, ஈரம் துடைத்து, செருப்பை மாட்டி அனுப்புவாள். நல்ல துணி போட்டுப் போகிற பிள்ளை சேற்றுக் காலோடு பஸ் ஏறக்கூடாது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் அந்தக் கழுவின தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கத்து மரம்தான் பருத்திருந்தது. கடல் ஏற்றத்தில் கழுவினால் மேற்கே கண்டல் பக்கம் போகும், வற்றத்தில் கழுவினால் தெற்கே சுரபுன்னைப் பக்கம். கிழக்கு வாய்க்காலுக்கு எப்போதும் போகாது. பூங்காவனம் அக்காவின் வீட்டுக்காரர் தன் காலைத் தானே அவசரமாகத் தில்லை மரத்தடியில் கழுவிக்கொண்டு ஓடியவர்.

நாங்கள்தான் எங்கள் கையாலேயே பிள்ளைகளின் எடையைக் கழுவி அனுப்பிக்கொண்டிருந்தோம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் ஜமுனாவுக்குச் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது.

அவள் போன அன்று காலையில் நல்ல வெயில். படகு விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"அம்மா, தண்ணி ஊத்து."

"குடம் ஓட்டைடி."

"கழி பூரா தண்ணி நிக்குது, குடம் ஓட்டைங்கிற. கையால அள்ளி ஊத்தேன்."

"பஸ் ஸ்டாண்டு குழாயில கழுவிக்கலாம். நேரம் ஆவுது பாரு." நான் இரண்டு பிளாஸ்டிக் பையை எடுத்து அவள் கால்களை உள்ளே விட்டுக் கயிற்றால் கட்டினேன்.

"பார்சல் பண்றியா என்னை?" என்று சிரித்தாள். அவள் அப்பா துடுப்பைப் பிடித்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

குழாய்த் தண்ணீரில் அழுக்குதான் போகும், எடை போகாது. அது எனக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் நாரையாகத் திரும்பி வரட்டும், என் பிள்ளை முழங்கால் வரை புதைகிற காலோடு வரட்டும் என்று நினைத்தேன்.

முதல் போன் நாலாம் நாள் வந்தது.

"அம்மா, இங்க தரை சரியில்லம்மா. கால் புதையுது."

"மழையாடி?"

"மொசைக் தரைம்மா."

அவள் நடந்த இடமெல்லாம் விடுதி வராந்தாவில் ஒரு விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்ததாம். அங்கே தரை துடைக்கிற அம்மா, "உன் தடத்துல தண்ணி தேங்குதுடி, கொசு வருது" என்று திட்டினாளாம். லிப்டில் அவள் தனியாக ஏறினாலும் ஆள் அதிகம் என்று மணி அடித்ததாம். மூன்று மாடியும் படியேறிப் போனாள். தார் ரோட்டில் கணுக்கால் வரை இறங்கியது, ஒரு காலைப் பிடுங்கி மறுகாலை ஊன்றிக் கடப்பதற்குள் சிக்னல் மாறிவிட்டது. தினமும் வகுப்புக்குத் தாமதம். கூடப் படிக்கிற பெண்கள் நல்லவர்கள், ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள், அப்படியும் தாமதம். போகிற இடத்தில் ஒரு எடை புதிதாகச் சேரும்போல, இவள் பழையதை இறக்கி வைக்காமலே அதையும் சுமந்தாள்.

எனக்குள் ஒரு பக்கம் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல வெட்கம்தான். இந்த மாதக் கடைசிக்குள் சரியான நேரத்துக்கு வரவில்லை என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள் என்று அவள் சொன்னபோது, பரணில் இருந்த அவள் பாயை எடுத்து வெயிலில் உதறிப் போட்டேன்.

இருபதாம் நாள் அவள் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை.

"நானே வந்துடறேம்மா. எனக்கு ஒத்துவரலை."

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்டதும் போனைப் பிடித்தபடியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அது என்னுடைய வார்த்தை. முப்பத்தி நாலு வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்து விடுதியில் ஒன்பதாம் நாள் நான் சொன்னது. அந்தப் பள்ளிக்கூடத்தின் சிமெண்ட் தரையில் என் கால் புதைந்தது. மணி அடித்து எல்லோரும் ஓடிப் போய் உட்கார்ந்த பிறகும் நான் வராந்தாவில் காலைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். வாத்தியார் என்னை மந்தம் என்றார், நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குப் படகு ஞாபகம் வந்தது. விளிம்பில் உட்கார்ந்து நான் காலை நீட்டியது ஞாபகம் வந்தது. என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குடம் ஓட்டைடி" என்றது ஞாபகம் வந்தது.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் பித்தளைக் குடத்தில் கழித் தண்ணீரை மொண்டேன். வாயில் துணியைக் கட்டி, அதன் மேல் பிளாஸ்டிக்கைக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னாம்மா அது, சரக்கா?" என்றார் கண்டக்டர்.

"கழித் தண்ணி."

"மெட்ராஸ்ல தண்ணி இல்லன்னு சொன்னாங்க. அதுக்குன்னு நீ ஒருத்தியே கொண்டுபோறியா?"

விடுதிக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஜமுனாவின் கால்களை வைத்தேன். பார்க்கச் சுத்தமான கால்கள்தான். கழித் தண்ணீரை ஒரு குவளை ஊற்றியதும் விரல் இடுக்கிலிருந்து சேறு வந்தது. கறுப்பாக, எங்கள் ஊர் வாசனையோடு. ஊற்ற ஊற்ற வந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு குட்டி நத்தை வந்தது, ஆரஞ்சு மிட்டாயின் தாள் ஒன்று வந்தது. கதவருகே அவள் கூட்டாளிப் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "ஆன்ட்டி, எனக்கும் ஊத்துவீங்களா, நான் தேனி" என்றாள்.

"உங்க ஊருத் தண்ணி வேணும்மா அதுக்கு" என்றேன்.

ஜமுனா என்னைப் பார்த்தாள். "குடம் ஓட்டை இல்லையாம்மா?"

"இல்லடி."

அவள் டப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து நின்றாள், ஒரு காலைத் தூக்கினாள், சும்மா வந்தது. வராந்தாவில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஓடினாள். லிப்டில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். மணி அடிக்கவே இல்லை.

டப்பில் இருந்ததைச் சாக்கடையில் விட எனக்கு மனசில்லை. ஒரு சொட்டு விடாமல் குடத்தில் ஊற்றிக் கட்டிக்கொண்டேன். போகும்போது நான் ஒருத்தியே தூக்கிய குடம், திரும்பும்போது இரண்டு ஆம்பளைகள் பிடித்தும் பஸ்ஸில் ஏறவில்லை. மூன்றாவதாக டிரைவரும் இறங்கி வந்து கைகொடுத்தார். சிதம்பரம் வரை பஸ் என் பக்கமாகவே சாய்ந்துகொண்டு வந்தது.

எந்த மரத்துக்கு என்று நான் யோசிக்கவில்லை. கிழக்கு வாய்க்காலுக்குப் படகை விடச் சொன்னேன். பண்டிக்குச்சியின் வேர் பாதி வெளியே தெரிந்தது. குடத்தைக் கவிழ்த்து மொத்தத்தையும் அதன் அடியில் ஊற்றினேன். ஊற்றும்போது, சின்ன வயதில் பட்டை அள்ளிய கூடையை ஒரு தரம் நினைத்துக்கொண்டேன். ஜமுனாவின் அப்பா துடுப்பை வைத்துவிட்டு இறங்கி, கையால் சேற்றை வேரைச் சுற்றி அணைத்துவிட்டார்.

அந்த வருஷம் மழை பிசாசு மாதிரி பெய்தது. ஒவ்வொரு நாளும் நான் கரைக்கு வந்து நின்று கிழக்கே பார்த்தேன். மழை விட்டதும் சார் வந்தார், அந்த மரத்திடம்தான் முதலில் போனார். டேப்பைச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றிப் பார்த்தார்.

"நாப்பத்தேழு கிலோ கூடுதல்" என்றார். "இங்க யாரும்மா?"

"எங்க ஜமுனா சார்."

அவர் நோட்டில் எழுதினார். பன்னிரண்டு என்று வகையின் எண்ணிக்கையை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

மாசி மகத்துக்கு ஜமுனா வந்தாள். படகிலிருந்து இறங்கி சேற்றின் மேல் நாரை மாதிரி நடந்து வந்தாள், நான் முழங்கால் வரை புதைந்து நின்று பார்த்தேன். தெரிந்து செய்ததுதான். ஆனாலும் அந்தக் கால்கள் புதையாமல் வருவதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. நல்லவேளை, தலையில் அவள் பெட்டி இருந்ததால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மரத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். பண்டிக்குச்சி நிமிர்ந்து நின்றது, கிளையில் பச்சையாய் நாலைந்து காய்கள் முளைவிட்டுத் தொங்கின. நான் சிவப்புக் கோட்டுக் குச்சியைப் பிடிக்க, அவள் மரத்தைக் கட்டிப்பிடித்து டேப்பைச் சுற்றினாள். கோடு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"அம்மா, இங்க பாரேன்" என்றாள்.

அந்த மரத்தடியில் மட்டும் அவள் பாதம் ஒரு விரற்கடை சேற்றுக்குள் இறங்கியிருந்தது.

ஐந்து நாள் இருந்தாள். கிளம்புகிற காலையில் படகு விளிம்பில் உட்கார்ந்து தானாகவே காலை நீட்டினாள். நான் பித்தளைக் குடத்தில் கழித் தண்ணீர் மொண்டு, அந்த விரற்கடைச் சேற்றைக் கழுவினேன். குதிகால், கணுக்கால், விரல் இடுக்கு, ஒவ்வொன்றாய்த் தேய்த்துக் கழுவி என் முந்தானையால் துடைத்துச் செருப்பை மாட்டினேன்.

இடது சுண்டுவிரல் நகத்தடியில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தேன். லிப்டில் மணி அடிக்காத அளவுக்குத்தான்.